முகமறியா ஊர்

மனிதன் கூடி வாழப் பிறந்தவன். அவ்வாறு கூடி வாழ்வதற்கு அவன் கண்ட முதல் அமைப்பு ஊர். வீடுகள் பல அடுத்தடுத்து நின்றால் மட்டும் அஃது ஊர் ஆகிவிடாது. ஒருவரை ஒருவர் அறிந்தவர் கூடி வாழும் இடமே ஊர். இன்னார் மகன், இன்னார் பேரன், இன்ன தெருவினன் என்று ஒவ்வொருவனையும் ஊர் அறியும். ஊரை அவனும் அறிவான். இந்த அறிமுகத்திலேதான் ஊரின் வலிமை இருக்கிறது. சிற்சில வேளைகளில் அதன் தொல்லையும் இதிலேதான் இருக்கிறது.

எருமப்பட்டி அத்தகைய ஊர்களுள் ஒன்று. நாமக்கல்லிலிருந்து துறையூர் நோக்கிச் செல்லும் வழியில் உள்ள பேரூர் அது. வடபுறத்தே, வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை நீலநிறம் கொண்டு நெடிது நிற்கிறது. சுற்றுப்புறத்தே சின்ன வெங்காயம் விளையும் நிலங்களும் கோழிப் பண்ணைகளும் உள்ளன. லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் இப்பகுதியில் பல. இத்தகைய ஊரில் ஒரு சிறுவன் பள்ளிக்குச் செல்லும் வழியை விட்டு வேறு வழியில் திரும்பினால், அவன் வீடு சேருமுன் அச்செய்தி வீடு சேர்ந்துவிடும். செய்தி சொன்னவர் யார் என்பதும் மாலைக்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதாகக் கூறியதை நாம் நன்கு நினைவில் வைத்தல் வேண்டும்.

இன்று இவ்வூரார் மற்றோர் ஊருக்கும் குடிகளாகிவிட்டனர். அந்த ஊருக்கு எல்லைக்கல் இல்லை. இரவு பகல் இல்லை. ஊர் அடங்கும் நேரமும் இல்லை. அதன் பெயர் இணையம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அந்நாளில் பெருநகரங்களில் வாழ்ந்த சிலரே தொலைபேசிக் கம்பியின் வழியாக அதனைப் பெற்றனர். இன்றோ, வெங்காயக் காட்டில் களை எடுப்பவர் மடியிலும் அது கைப்பேசி வடிவில் இருக்கிறது.

பழைய ஊரில் நம்மை அறிந்தவரை நாமும் அறிவோம். புதிய ஊரில் நம்மை அறிந்தவர் பலர். அவருள் நாம் அறிந்தவர் மிகச் சிலர். இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே இணைய வாழ்வின் தொல்லைகளுட் பல பிறக்கின்றன. பேச்சு, மறைவு, விளையாட்டு ஆகிய மூன்றிலும் இவ்வேறுபாடு எவ்வாறு புகுந்து நிற்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நன்மையை முதலிற் கூறுதலே முறை. நாமக்கல் வட்டாரத்து லாரிகள் இந்திய நாட்டின் நாற்றிசையும் செல்கின்றன. ஓட்டுநர் வாரக் கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பார். முன்னாளில் அவர் எங்கே இருக்கிறார் என்பதும் வீட்டிற்குத் தெரியாது. இன்று அவர் வடநாட்டுச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தம் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டலம் அறிவிக்கும் முட்டை விலையைப் பண்ணையாளர் தம் வீட்டு வாயிலிலேயே அறிகிறார். இவை சிறிய நன்மைகள் அல்ல.

தமிழுக்கு விளைந்த நன்மையையும் கூற வேண்டும். உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். கரையானுக்கு இரையாகாமல் அவர் காத்துத் தந்த நூல்களை இன்று சிற்றூரில் உள்ள மாணவனும் தன் கைப்பேசியிற் படிக்க முடிகிறது. சிங்கப்பூரில் வாழ்ந்த நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். சுவிட்சர்லாந்து நாட்டில் வாழும் கல்யாணசுந்தரம் முதலியோர் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் கருதாது பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து அதற்கு அளித்தனர். 2003ஆம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. இவற்றிற்கு உழைத்தவர்களுட் பலர் ஒருவரை ஒருவர் நேரிற் கண்டதில்லை. முகமறியாதவர் அனைவரும் தீயவர் என்று எண்ணுதல் தவறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் முகம் மறைந்த இடத்தில் நாவும் விரலும் கட்டவிழ்ந்து போவதை நாம் காண்கிறோம். திண்ணையில் அமர்ந்து பேசுபவன், கேட்பவனது முகம் வாடுவதைப் பார்க்கிறான். உடனே தன் சொல்லைத் திருத்திக்கொள்கிறான். அவன் திருத்திக்கொள்ளாவிட்டால் அருகில் இருக்கும் முதியவர் அவனை அடக்குவார். இணையத்தில் அந்த வாடிய முகமும் இல்லை. அடக்கும் முதியவரும் இல்லை. ஒரு பெண் பாடிய பாட்டையோ, ஒரு மாணவன் எழுதிய கட்டுரையையோ நூறு பேர் சேர்ந்து எள்ளி நகையாடுகின்றனர். நேரில் அவ்வாறு பேச அவர்களுட் பத்துப் பேரும் துணியமாட்டார்கள். எள்ளியவன் மறுகணமே மறந்துவிடுகிறான். எள்ளப்பட்டவன் உறக்கம் இழக்கிறான்.

இதனினும் கொடிது ஆராயாமல் செய்தி பரப்புதல். 2018ஆம் ஆண்டில், குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் ஊருக்குள் புகுந்துவிட்டது என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்ஆப் வாயிலாகத் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில், கோயில் வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்திற்குச் சென்ற ஒரு குடும்பத்தார் வழியில் வண்டியை நிறுத்தினர். அவர்களுள் இருந்த மூதாட்டி அங்கு நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடியது, அடித்தது, அம்மூதாட்டி உயிரிழந்தார். குழந்தைகளுக்கு இனிப்பு வழங்குதல் நம் நாட்டு முதியோரின் இயல்பு. அவ்வியல்பே அவருக்குக் கூற்றாயிற்று. இத்தகைய கொடுமைகள் நாட்டின் பிற பகுதிகளிலும் நிகழ்ந்தமையால், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்ஆப் நிறுவனம் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் இந்தியாவில் வரம்பு விதித்தது.

அந்தப் பொய்ச்செய்தியை முதலில் எழுதியவன் ஒருவன் இருந்திருப்பான். ஆனால், ஊர்தோறும் அதனைக் கொண்டு சேர்த்தவர்கள் நம்மைப் போன்றவர்களே. குழந்தைகளின் நலம் கருதியே அனுப்புகிறோம் என்றுதான் அவர்கள் எண்ணியிருப்பார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது. ஆராய்ச்சியும் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. “இதனைச் சொன்னவர் யார்? அவர் நேரிற் கண்டாரா?” என்று ஊரில் கேட்கும் இரண்டு கேள்விகளையும் இணையத்திலும் கேட்டல் வேண்டும். விடை கிடைக்காவிடில் அச்செய்தி நம் கையோடு நிற்கட்டும்.

இனி, மறைவைப் பற்றி எண்ணுவோம். நம் பழைய வீடுகளின் அமைப்பை நோக்குங்கள். வாயிலில் திண்ணை இருக்கும். வழிப்போக்கரும் அதில் அமரலாம். அதனை அடுத்து நடை. நடையைக் கடந்தால் கூடம். உறவினரும் நண்பரும் கூடம் வரை வருவர். அதற்கும் அப்பால் உள்ளறை. அங்கே வீட்டாரன்றிப் பிறர் நுழையார். திண்ணையை எல்லார்க்கும் திறந்து வைத்த அதே குடும்பம் உள்ளறைக்குக் கதவு வைத்தது. அதனால் அக்குடும்பத்தாரைக் கள்வர் என்று எவரும் கருதியதில்லை. யாரை எதுவரை விடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டாருடையது. இணைய வாழ்வில் இதனைத் தனியுரிமை என்று வழங்குகின்றனர்.

“நான் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, எனக்கு மறைவு எதற்கு?” என்று வினவுவோர் உளர். குளிக்கும்போது கதவைத் தாழிடுகிறோம். தாய்க்கு எழுதும் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுகிறோம். நோயை மருத்துவரிடம் தனியே கூறுகிறோம். இவற்றுள் குற்றம் எங்கே இருக்கிறது? மறைவு என்பது மானத்தோடு வாழும் மனிதனுக்கு உரிய இயல்பு.

இவ்வுரிமையை நாட்டின் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துள்ளது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்த நிலையில், 2012ஆம் ஆண்டு ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் எழுந்த வினாவை ஒன்பது நீதிபதிகள் ஒருங்கே அமர்ந்து ஆராய்ந்தனர். தனியுரிமை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அவர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். உயிர் வாழ்தற்கும் உரிமையோடு வாழ்தற்கும் உறுதி தரும் 21ஆம் பிரிவில் இவ்வுரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஓய்வு கொள்ளும் வயதில் முதியவர் ஒருவர் எழுப்பிய வினா, இன்று பள்ளியிற் பயிலும் ஒவ்வொருவர்க்கும் அரணாக நிற்கிறது.

ஊரில் நம் செய்தியை அறிந்தவர் அதனை வைத்துப் பெரும்பாலும் வம்பு பேசுவர், அவ்வளவே. இணையத்தில் அச்செய்தி சரக்காகிறது. நாம் எதைத் தேடினோம், எதை எவ்வளவு நேரம் பார்த்தோம், எந்நேரத்தில் விழித்திருந்தோம், எவ்விடத்தில் இருந்தோம் என்பனவெல்லாம் குறித்து வைக்கப்பெறுகின்றன. அவற்றைக் கொண்டு நம் விருப்பத்தையும் பலவீனத்தையும் கணித்து, அதற்கேற்ற விளம்பரத்தை நம்முன் வைக்கின்றனர். விலை இன்றிக் கிடைக்கும் செயலிகளுட் பல இவ்வாறே வாழ்கின்றன. சந்தையில் ஒருவர் காசு வாங்காமல் காய்கறி கொடுத்தால் நாம் ஐயுறுவோம். அந்த ஐயம் இங்கும் வேண்டும்.

இஃது எவ்வளவு கொடிய முடிவைத் தரும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நாடு கண்டது. 2020ஆம் ஆண்டு, நோய்த்தொற்றால் தொழில் முடங்கிய காலத்தில், உடனடிக் கடன் தரும் செயலிகள் பல பரவின. அவற்றைக் கைப்பேசியில் நிறுவும்போது, தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க இசைவு கேட்டன. அவசரத்தில் இருந்தவர் இசைவு தந்தனர். கடனை உரிய நாளில் கட்டாதபோது, அவர்களுடைய உறவினர்க்கும் நண்பர்க்கும் இழிவான செய்திகள் சென்றன. மானத்திற்கு அஞ்சி உயிரை விட்டவரும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக் காவல் துறையினர் இது தொடர்பாகச் சீன நாட்டினர் உள்ளிட்ட சிலரைக் கைது செய்தனர். கடன் செயலிகள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்தல் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது.

இதில் மற்றோர் உண்மையும் உண்டு. நம் கைப்பேசியில் உள்ள எண்கள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. அத்தையின் எண் அத்தைக்கு உரியது. ஆசிரியரின் எண் ஆசிரியர்க்கு உரியது. நம்மை நம்பி அவர்கள் அவற்றைத் தந்தனர். ஒரு விளையாட்டுச் செயலி தொடர்பு எண்களைக் கேட்கும்போது “சரி” என்று அழுத்துபவன், பக்கத்து வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பவனை ஒத்தவன். ஆகவே, தனியுரிமையைக் காத்தல் தன்னலம் மட்டும் ஆகாது. பிறர்க்குச் செய்யும் கடமையும் ஆகும்.

இளையோரைக் காக்கவும் சட்டம் வந்துள்ளது. 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும், அவர்களுடைய நடத்தையைப் பின்தொடர்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதற்குரிய விதிகள், படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு, 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பெற்றன. சட்டம் வேலி போன்றது. வேலி கட்டிய பின்னும் படலைத் திறந்து வைத்துவிட்டு உறங்கினால் ஆடு மேயத்தான் செய்யும்.

மூன்றாவதாக விளையாட்டைப் பற்றிக் கூறுவோம். விளையாட்டு இளமைக்கு உணவு. பல்லாங்குழி எண்ணக் கற்பித்தது. ஆடுபுலி ஆட்டம், வலியவனை எளியவர் கூடி மடக்கும் வகையைக் கற்பித்தது. சடுகுடு மூச்சை அடக்கக் கற்பித்தது. திரையில் ஆடப்படுவது என்ற ஒரே காரணத்தால் ஒரு விளையாட்டைப் பழித்தல் நேர்மை ஆகாது. சென்னையிற் பிறந்த குகேசு, 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் தம் 18ஆம் வயதில் உலகச் சதுரங்க வாகையர் ஆனார். இக்காலச் சதுரங்க வீரர் கணினியின் துணையின்றிப் பயில்வது அரிது. தொலைவில் உள்ள நண்பனோடு சிறிது நேரம் திரையில் ஆடி மகிழ்வதிலும் குறை ஒன்றும் இல்லை.

எனின், குறை எங்கே இருக்கிறது? தெருவில் ஆடும் விளையாட்டிற்கு ஒரு முடிவு உண்டு. இருட்டியதும் பந்து கண்ணுக்குத் தெரியாது. தாய் அழைப்பாள். கால் ஓய்ந்துபோகும். எதிரே ஆடுபவனும் வீடு செல்வான். கைப்பேசியில் உள்ள விளையாட்டுகள் பலவற்றிற்கு முடிவே வைக்கப்படவில்லை. ஒரு படியை வென்றால் மற்றொரு படி. தோற்றால் மீண்டும் ஒரு முறை. இன்று வராவிடில் நேற்றுப் பெற்ற பரிசு போய்விடும் என்னும் அச்சுறுத்தல் வேறு. தெருவில் நம் எதிரே நிற்பவன் நம்மைப் போன்ற சிறுவன். இங்கே நம் எதிரே நிற்பது நாம் முகமறியாத ஒரு நிறுவனம். அங்கே தேர்ந்த அறிவாளர் பலர் அமர்ந்து, நாம் எழுந்து போகாமல் இருப்பதற்கு என்ன செய்யலாம் என்றே நாள்தோறும் ஆராய்கின்றனர்.

அமெரிக்க உளநூல் அறிஞராகிய ஸ்கின்னர் என்பவர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். அலகால் ஒரு வில்லையைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை முறை கொத்தினால் ஒரு முறை விழும் என்று வரையறை இருந்தபோது, தானியம் பெற்ற புறா சற்றே ஓய்ந்து மீண்டும் கொத்தியது. எப்போது விழும் என்று தெரியாதவாறு அமைத்தபோதோ, அது ஓயாமல் கொத்தியது. தானியத்தை நிறுத்திய பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. கோழிக்குத் தீனி இடும் நேரத்தையும் அளவையும் நன்கு அறிந்தவர்கள் நம் வட்டாரத்தார். அவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். எதிர்பாராத வேளையில் கிடைக்கும் பரிசு, மறைபெட்டியைத் திறந்தால் வரும் அரிய ஆடை, ‘இன்னும் ஒரு முறை’ என்னும் ஆவல் ஆகியவை அந்தப் புறாவின் முன் விழுந்த தானியத்தைப் போன்றவையே.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்று, 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், மின்விளையாட்டால் வரும் கோளாறும் ஒன்றாக இடம்பெற்றது. விளையாட்டை அடக்கி ஆள முடியாமை, பிற கடமைகளையும் விருப்பங்களையும் விட அதனையே முதன்மையாகக் கொள்ளுதல், கேடு கண்ட பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பெரும்பாலும் ஓராண்டுக் காலம் இவை நீடித்தால்தான் அதனைக் கோளாறு என்பர். விளையாடும் அனைவரும் நோயாளர் அல்லர். ஆனால், இம்மூன்று அடையாளங்களையும் அறிந்துகொண்டால் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

விளையாட்டோடு பணயம் சேர்ந்தால் அது சூதாகிறது. திருவள்ளுவர் சூதின் தீமையைக் கூற ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் காலத்துச் சூதாடி கழகத்திற்கு நடந்து செல்ல வேண்டியிருந்தது. இக்காலத்துச் சூது படுக்கைக்கே வருகிறது. இணைய ரம்மி முதலியவற்றில் பொருளை இழந்து, கடன்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்தன. அவர்களுட் பலர் படித்தவர், குடும்பத் தலைவர். இளையோர்க்கு மட்டுமே அடக்கம் வேண்டும் என்று எண்ணும் பெரியோர் இதனைக் கருதுதல் நன்று.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. திறமையால் ஆடும் ஆட்டங்களையும் சேர்த்து முற்றிலும் தடுப்பது மிகையானது என்று கூறி, அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதது ஆக்கியது. பின்னர், ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. அதன்மேல் எழுந்த புதிய சட்டம் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. உயர் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் அச்சட்டத்தை ஏற்றது. எனினும், ரம்மியையும் போக்கரையும் முற்றிலும் குருட்டு வாய்ப்பைச் சார்ந்த ஆட்டங்களாகக் கொண்ட பகுதியை மட்டும் விலக்கியது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை மூடிவைக்க ஆணையிட்டன. 18 வயது நிரம்பாதவரை அவற்றினின்றும் விலக்கின. அவ்விதிகள் செல்லும் என்று அவ்வாண்டு ஜூன் மாதம் தீர்ப்பாயிற்று. பின்னர் ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது.

இந்த நெடிய வரலாற்றிலிருந்து நான் பெறும் கருத்து ஒன்று உண்டு. சட்டம் தேவை, ஆனால், சட்டம் வருவதற்குள் சிலர் வீழ்ந்துவிடுகின்றனர். தடை ஒன்றே மருந்தும் ஆகாது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி என்னும் விளையாட்டையும் வேறு 117 செயலிகளையும் தடை செய்தது. அதனை இழந்தவர் பலர் வேறொரு விளையாட்டிற்குப் போயினர். மறு ஆண்டு அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்பி வந்தது. ஒரு கதவை அடைத்தால் மறு கதவைத் தேடுவது பழக்கத்தின் இயல்பு. பழக்கத்தை வெல்வது அதனினும் நல்ல பழக்கமே. மாலையில் ஓடி ஆட ஒரு திடலும், படிக்க ஒரு நூலகமும், மனம் விட்டுப் பேச ஒரு பெரியவரும் இருக்கும் ஊரில் கைப்பேசிக்கு அடிமையாவோர் குறைவர் என்பது என் துணிபு. இம்மூன்றையும் தருவது ஊரின் கடமை. கையிற் கைப்பேசியை வைத்துக்கொண்டே மகனைப் பார்த்து “அதை வை” என்று கூறும் தந்தையின் சொல் அம்பலம் ஏறாது.

இளைஞர்க்கும் கடமை உண்டு. புதிய செயலி எதனையும் நிறுவுமுன், “இது கேட்கும் இசைவு இதன் வேலைக்குத் தேவைதானா?” என்று எண்ணுங்கள். கணக்காட்டம் ஒன்றிற்கு உங்கள் இருப்பிடம் எதற்கு? திறவுசொல்லை உயிர் நண்பனுக்கும் கூறாதீர்கள். நட்பிற்கு வேறு சான்றுகள் உண்டு. நீங்கள் இருக்கும் இடம், பள்ளியின் பெயர், வீட்டின் படம் ஆகியவற்றை முகமறியாதவர்க்குத் தராதீர்கள். பிறர் படத்தை அவர் இசைவின்றிப் பரப்பாதீர்கள். விளையாடத் தொடங்குமுன் முடிக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வைக்கப்படாத விளையாட்டிற்கு நாமே முடிவு வைத்தல் வேண்டும்.

அனைத்தினும் முதன்மையான ஒன்று உண்டு. இணையத்தில் எவரேனும் உங்களை அச்சுறுத்தினால், உங்கள் படத்தைக் காட்டி மிரட்டினால், பணம் கேட்டால், அதனை உள்ளத்தில் புதைத்து வருந்தாதீர்கள். தாயிடமோ, தந்தையிடமோ, ஆசிரியரிடமோ உடனே கூறுங்கள். இணையக் குற்றங்களுக்கு 1930 என்னும் எண்ணும், குழந்தைகளின் துயர்க்கு 1098 என்னும் எண்ணும் உதவிக்கு உள்ளன. நாணம் மிரட்டுபவனுக்கு உரியது. மிரட்டப்பட்டவருக்கு உரியது அன்று. பெற்றோரும் அவ்வேளையில் சினத்தை அடக்கிச் செவி கொடுத்தல் வேண்டும். முதல் முறை கூறியபோது ஏச்சுப் பெற்ற குழந்தை இரண்டாம் முறை கூறாது.

இணையம் நம் ஊருக்கு வந்துவிட்டது, இனி அது திரும்பிப் போகாது, போகவும் வேண்டியதில்லை. நம் முன்னோர் ஊரை அமைத்தபோது சாலையையும் அமைத்தனர்; வீட்டிற்குக் கதவையும் அமைத்தனர். சாலையால் உலகம் வந்தது. கதவால் மானம் நின்றது. புதிய ஊருக்குச் சாலை போட்டவர்கள் பிறர். கதவு அமைக்கும் வேலை நம்முடையது. எதனைத் திண்ணையில் வைப்பது, எதனை உள்ளறையில் வைப்பது, எப்போது விளக்கை அணைத்து உறங்குவது என்று நாமே தீர்மானிக்கும் நாளில்தான் நாம் அவ்வூரின் உண்மையான குடிமக்கள் ஆவோம்.